பாப்பாவுக்குப் பஸ் பிடிக்கும்

என்னைச் சாக விடக்கூடாது என்று எல்லோரும் கங்கணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 'நான் செத்த பிறகு' என்று நான் வாயைத் திறந்தால் போதும், "ஐயோ, அப்படியெல்லாம் பேசாதீங்க, நீங்க நூறு வருஷம் இருப்பீங்க" என்று எதிரே இருப்பவர் அடைத்துவிடுவார். எனக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு இன்னும் முப்பத்திரண்டு வருடம் நான் என்ன செய்வேன் என்று வாழ்த்துகிறவர்கள் யோசிப்பதில்லை. சரி, நூறு வரைக்கும் இருந்தே விட்டேன் என்று வைத்துக்கொள்வோம். அப்போது பாப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அதற்குப் பிறகு அவளை யார் பார்ப்பது? அந்தக் கேள்வி மட்டும் யார் காதிலும் விழுவதில்லை.

பாப்பா என் மகள். இருபத்தாறு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். பிறந்தவுடன் அழவில்லை. அந்தச் சில நிமிடங்களில் மூளைக்குக் காற்றுப் போகவில்லை என்று பெரியாஸ்பத்திரியில் பிற்பாடு சொன்னார்கள். இடது காலை இழுத்து நடப்பாள். இருபது முப்பது சொற்கள் பேசுவாள், அதிலும் பாதி நமக்குப் புரியும், பாதி நாம் புரிந்துகொண்டதாகத் தலையாட்டுவோம். வலிப்பு வராமலிருக்கக் காலையும் மாலையும் மாத்திரை கொடுக்க வேண்டும். தானாகச் சாப்பிடுவாள், தானாகக் குளிக்க மாட்டாள். கோபம் வந்தால் என்னைப்போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். பிடிவாதம் மட்டும் எந்தக் குறையுமில்லாமல் என்னிடமிருந்து அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மாத்தளை டவுனைத் தாண்டி அலுவிகாரையில், பெரிய ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. கேட்டைத் திறந்தால் பஸ் நிற்கிற ஹோல்ட். முப்பத்தொரு வருடம் நான் பஸ் கண்டக்டராக இருந்தேன். பெரும்பாலும் லக்கல பக்கம் போகிற பஸ். ஒருநாள் மாலை போனால் அங்கேயே தங்கி மறுநாள் முதல் பஸ்ஸாகத் திரும்ப வேண்டும். வழியில் யானை நின்றால் அதுவும் இல்லை. அதனால் வாரத்தில் பாதி நாள் நான் வீட்டில் இல்லை. பாப்பாவை வளர்த்தது என் மனைவி. நான் வரும்போது ஒரு மில்க் டொபி கொண்டுவருகிற ஆள், அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

மனைவி போய் நான்கு வருடமாகிறது. அதிலிருந்து நானும் பாப்பாவும் மட்டும்.

போன வருடம் ஒருநாள் காலை, பின்பக்கம் துணி துவைக்கிற கல்லருகில் வழுக்கி விழுந்தேன். தலை சுவரில் மோதியது. எவ்வளவு நேரம் நினைவில்லாமல் கிடந்தேன் என்று தெரியாது. கண் விழித்தபோது வெயில் முற்றம் முழுவதும் வந்திருந்தது. என் மேல் ஒரு துவாய் போர்த்தியிருந்தது. பக்கத்தில் பாப்பா காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்துக்கொண்டு கராம்புக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அப்பா தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறாள். குளிருமே என்று போர்த்தியும் விட்டிருக்கிறாள். காலைச் சாப்பாடு இல்லை, மாத்திரை இல்லை. நான் எழுந்திருக்காமலே போயிருந்தாலும் அவள் அந்தச் சுளகோடு மாலை வரைக்கும் அங்கேயேதான் இருந்திருப்பாள்.

நெற்றியில் வழிந்த இரத்தத்தைக் கழுவிவிட்டு, அன்று மத்தியானமே கடைக்குப் போய் எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன்.

எனக்குப் பிறகு பாப்பாவைப் பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு உதவட்டும் என்று அதில் எழுத ஆரம்பித்தேன். மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும், ஆனால் அவள் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும், ஒளித்து வைத்தால் துப்பிவிடுவாள். பால் ஊற்றாத பிளேன்டி, நீலக் கோப்பையில்தான். தலை சீவும்போது இடது பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாதத்தில் அந்த நான்கு நாட்கள் எப்படித் தெரியும், துணி எங்கே இருக்கிறது, எப்போது மாற்ற வேண்டும் என்று அதையும் எழுதினேன். எழுதும்போது கை கூசியது. ஆனால் செய்யும்போது கூசாத கை எழுதும்போது மட்டும் ஏன் கூச வேண்டும் என்று என்னையே திட்டிக்கொண்டு எழுதினேன். ஒரு பக்கத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: 'பாப்பாவுக்குப் பஸ் பிடிக்கும். மாலையில் கேட்டருகே உட்கார்ந்து ஆறு மணிக்கு நாவுலயிலிருந்து பஸ் வருகிறவரை பார்ப்பாள். தடுக்க வேண்டாம்.'

அந்த வரியை எழுதியபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கண்டக்டர் மகள் அல்லவா என்று நினைத்துக்கொண்டேன்.

கொப்பி நிறைந்துகொண்டே வந்தது. அதை யார் கையில் கொடுப்பது என்பதுதான் பாக்கி. பிரதேச செயலகத்தில் ஒரு படிவம் தந்திருந்தார்கள். பாப்பாவின் விவரமெல்லாம் எழுதி, கடைசியில் எனக்குப் பின் பொறுப்பு எடுப்பவர் யார் என்று ஒரு கோடு. அந்தக் கோடு காலியாகவே இருந்தது. கவுண்டரில் இருந்த சிங்களப் பிள்ளை அதை விரலால் தொட்டுக் காட்டி, தனக்குத் தெரிந்த தமிழில், "ஐயா, நீங்க இல்லாட்டி யாரு?" என்று கேட்டாள். இவ்வளவு நேராக என்னிடம் யாரும் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் பதில் தேடுவதற்குள் அவளுக்கே என்னவோ போலாகி, "பரவால்ல, அதுக்கு இன்னும் நெறைய காலம் இருக்கு" என்று படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டாள். அவளும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள்.

படிவத்தைச் சுவரிலிருந்த கலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

மனைவியின் தங்கை நாவுலயில் இருக்கிறாள். அவளிடம் போனில் பேச்சைத் தொடங்கினேன். "மச்சான், வெள்ளிக்கிழமையும் அதுவுமா இதென்ன பேச்சு?" என்றாள். அடுத்த முறை வேண்டுமென்றே செவ்வாய்க்கிழமை எடுத்தேன். செவ்வாயும் ஆகாதாம். பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் பெண் இருக்கிறார். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து கராம்பு, மிளகு, சாதிக்காய் வாங்கிக் காயவைத்து விற்கிறவர். பாப்பாவுக்குக் காம்பு கிள்ளக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான், மனைவி போன முதல் மாதத்தில் நான் திகைத்து நின்றபோது அந்த நான்கு நாட்களைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். அவருடைய பூனை செத்தபோது பாப்பாவும் கூட இருந்து குழி தோண்டிப் புதைத்தாள். ஒரு வாரம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "பூன செத்துப்போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "அல்லா ஒங்களுக்கு ஹயாத்த நீட்டித் தருவான் அண்ணன். பாப்பாவுக்காகவே தருவான்" என்றார். கண் கலங்கித்தான் சொன்னார். பொய்யில்லை. ஆனால் நான் கேட்டது ஆயுளை அல்ல.

மகன், பாப்பாவுக்கு மூத்தவன், கொழும்பில் வேலை செய்கிறான். கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருக்கிறது. நீண்ட லீவு கிடைத்தால் வருவான். கெட்ட பிள்ளை இல்லை. ஒவ்வொரு முறையும் பாப்பாவுக்கு என்னென்னவோ வாங்கி வருவான், ஒவ்வொரு முறையும் என் பேச்சை வெட்டிவிட்டுப் போவான்.

"அப்பா, இப்ப எதுக்கு அதெல்லாம்? நீங்க நல்லாத்தானே இருக்கீங்க. நூறு வருஷம் இருப்பீங்க."

அவன்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்கு எனக்கு உரிமை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மனைவிக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் இனி வேண்டாம், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, "ஒரு கொப்பியும் பேனையும் கொண்டாங்க. பாப்பா விஷயம் கொஞ்சம் எழுதி வைக்கணும். ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பெரிய மனுஷனாட்டம், "சும்மா கெட. நீ நூறு வருஷம் இருப்ப" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டாள். கடை பூட்டியிருக்கு என்றேன். கடை பூட்டியிருக்கவில்லை. கொப்பி கொண்டுவந்தால் அவள் செத்துவிடுவாள் என்று ஒரு பயம். கொண்டுவராமலும் அவள் செத்துப் போனாள், பதினோராவது நாள்.

இருபத்திரண்டு வருடம் அவள் கையால் அறிந்து வைத்திருந்த எல்லாம் அவளோடு மண்ணுக்குள் போய்விட்டது. வாழைப்பழ விஷயத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதம் எடுத்தது. அதற்குள் இரண்டு முறை பாப்பாவுக்கு வலிப்பு வந்தது.

அந்த நாட்களில் நான் செய்த இன்னொரு காரியமும் இருக்கிறது. எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்கோ இடுகாட்டுக்கோ போவதில்லை. பிரேதம் எடுக்கும்போது பாப்பா மிரளுவாள் என்று முதல்நாளே பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் அவள் வீட்டுக்கு வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். அல்மாரிக்குள்ளும் பார்த்தாள். பிறகு என் முன்னால் வந்து நின்று, "அம்மா?" என்றாள். முப்பத்தொரு வருடம் பஸ்ஸிலேயே கிடந்த வாய்க்கு வேறு என்ன வரும்? "அம்மா பஸ்ஸில போயிருக்காங்க. நாவுலைக்கு" என்றேன். சித்தி வீடு நாவுல என்பது அவளுக்குத் தெரியும். தலையாட்டினாள். மறுபடி கேட்கவே இல்லை. நல்லவேளை, இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

போன மாதம் நீண்ட லீவுக்கு மகன் தனியாக வந்திருந்தான். கொப்பியை நீட்டினேன். முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "பொறகு பார்க்கிறேன்ப்பா" என்று மேசையில் வைத்தான். எனக்குள் எதுவோ அறுந்தது.

"தம்பி, நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு நான் செத்துப் போறேன்" என்றேன்.

"என்னப்பா பேசுறீங்க?"

"சாயந்தரம் ஆறு மணி பஸ்ஸில திரும்பி வருவேன். அதுவரைக்கும் நான் செத்த ஆள். போன் எடுக்க மாட்டேன். பாப்பா ஒன் பொறுப்பு. செத்தவன்கிட்ட யாரும் போன் எடுத்துக் கேக்க முடியாது. எல்லாம் கொப்பியில இருக்கு."

கத்தினான். பக்கத்து வீட்டுப் பெண்ணும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இதெல்லாம் வெளையாடுற விஷயமா அண்ணன்?" என்றார். நான் அசையவில்லை. பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று முன்னமே சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்தேன். நாவுல பஸ் வந்தது. பாப்பா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. பஸ்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வாயெல்லாம் பல்லாகச் சிரித்து எனக்குக் கை காட்டினாள். மனைவி போன பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. எனக்குச் சுருக்கென்றது. நான் இல்லாவிட்டால் இவளுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்தேன்.

நாவுல ஸ்டாண்டில் இறங்கியபோது எட்டு மணியைத் தாண்டிவிட்டது. கொழுந்தியா வீட்டுக்குப் போகவில்லை. செத்தவன் விருந்துக்குப் போகலாமா? ஒரு கடையில் பாணும் பருப்பும் சாப்பிட்டேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் மரக்கறி விலையைப் பற்றிச் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்டாண்டில் லக்கல போர்டு போட்ட பஸ் ஒன்று புறப்பட நின்றது. ஏறிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அந்தப் பக்கம் போனால் திரும்பிவர பஸ் கிடைப்பது நிச்சயமில்லை. செத்தது செத்ததாகவே இருக்கும். ஒரு காலத்தில் அந்த ரோட்டிலுள்ள ஒவ்வொரு ஹோல்ட்டும் எனக்குத் தெரியும். இன்று அந்த பஸ்ஸின் கண்டக்டர் என்னைப் பார்த்து, "நகினவாத?" என்று கேட்டான், ஏறுகிறீர்களா என்று. இல்லை என்று கையசைத்தேன். அவ்வளவுதான், என் முப்பத்தொரு வருடம்.

ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். மாத்திரை நேரம் போனது. பத்து மணிப் பிளேன்டி நேரம் போனது. கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. நான்கு வருடமாக இந்நேரம் இந்தக் கைகள் ஒரு கோப்பையையோ சீப்பையோ பிடித்துக்கொண்டிருக்கும். செத்த பிறகு பாப்பா என்ன ஆவாள் என்றுதான் இத்தனை நாள் பயந்தேன். அவள் இல்லாமல் நான் என்ன ஆவேன் என்று அந்த பெஞ்சில்தான் முதன்முறையாகத் தெரிந்தது. யாரும் இல்லாத ஆளாக இருந்தேன். என்னை ஒருவர் கூப்பிட வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. இரண்டு மணிக்கு போனைத் திறந்தேன். உடனே அணைத்தேன். மகன் கோல் எடுத்திருந்தானா என்று பார்க்கக்கூட எனக்குத் தைரியமில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்தேன். அலுவிகாரை வளைவு தாண்டியதும் கேட்டைப் பார்த்தேன். பாப்பா நின்றாள். பின்னல் கோணலாக இருந்தது. அண்ணன் போட்டது. அவன் பின்னால் நின்றான். பஸ் நின்றதும் அவள் காலை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. நான் இறங்கி இரண்டு கையையும் விரித்தேன்.

அவள் என்னைத் தாண்டிப் போனாள்.

பஸ் வாசல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தாள். "அம்மா" என்று கூப்பிட்டாள். கண்டக்டர் ஏதோ சத்தம் போட்டான். மகன் ஓடிவந்து அவள் கையை எடுத்துவிட்டான். பஸ் போனது. அது மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "அம்மா?" என்றாள். நான்கு வருடத்துக்கு முன் கேட்ட அதே குரல்.

வீட்டுக்குள் வந்து மகன் சொன்னான். "காலையில இருந்து கேட்ட விட்டு நகரல. சாப்பாடு அங்கதான் கொண்டுபோய் ஊட்டினேன். 'அப்பா பஸ், அம்மா பஸ்'னு சொல்லிட்டே இருந்துச்சு. எனக்கு மொதல்ல வெளங்கல. நீங்க போனது அம்மாவக் கூட்டிட்டு வரன்னு நெனச்சிருக்குப்பா."

நான் கதிரையில் உட்கார்ந்தேன். அவன் கொப்பியை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தான். அன்று முழுவதும் அவன் அதைப் படித்திருக்கிறான். ஓரங்களில் பிளேன்டிக் கறை இருந்தது.

"'பாப்பாவுக்குப் பஸ் பிடிக்கும்'னு எழுதியிருக்கீங்க."

அந்த வரியைத் திரும்பவும் வாசித்தேன்.

"எல்லாம் எழுதியிருக்கீங்கப்பா. மாத்திரை, துணி, சீப்பு, எல்லாம் சரியா இருந்துச்சு. ஒண்ணுதான் இல்ல. நீங்க செத்தா நான் பாப்பாகிட்ட என்ன சொல்றது? நீங்களும் பஸ்ஸில போயிட்டீங்கன்னா?"

நீங்க செத்தா என்று சொன்னான். என் மகன், என் முகத்தைப் பார்த்து. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அதற்குள்ளே ஒரு நிம்மதியும் இருந்தது. ஒரு வருடமாக மூடிய கதவைத் தட்டிக்கொண்டிருந்தவனுக்கு உள்ளேயிருந்து யாரோ குரல் கொடுத்த மாதிரி.

மறுநாள் காலை முச்சக்கர வண்டி ஒன்றைப் பிடித்து மூன்று பேரும் இடுகாட்டுக்குப் போனோம். பக்கத்து வீட்டுப் பெண் ரோட்டுக்கே வந்துவிட்டார். "பொம்பளப் புள்ளைய அங்க கூட்டிட்டுப் போறதா அண்ணன்? ஒங்க ஆக்கள் என்ன சொல்லுவாங்க?" என்றார். "என்ன வேணும்னாலும் சொல்லட்டும் தங்கச்சி. அவங்க யாரும் இவளப் பார்க்க வரப்போறதில்ல" என்றேன். அவருடைய முகம் வாடிவிட்டது. அவரைச் சொல்லவில்லை என்று பிறகு போய்ச் சமாதானம் சொன்னேன்.

மனைவியின் குழியைச் சுற்றிச் சிமெந்துக் கட்டு. தலைமாட்டில் மகன் வைத்த குரோட்டன் செடி பெரிதாகியிருந்தது. வரும் வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். அங்கே நின்றதும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"பாப்பா, அம்மா இங்கதான் இருக்காங்க. அம்மா பஸ்ஸில போகல. அப்பா பொய் சொன்னேன். அம்மா செத்துப் போயிட்டாங்க."

அவள் மண்ணைப் பார்த்தாள். செடியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"பூன?" என்றாள்.

"ஆமா. பூன மாதிரிதான்."

"அம்மா செத்துப்போச்சு" என்றாள் மெதுவாக. அவளிடம் அந்தச் சொல் இருந்தது. பூனைக்காக ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த சொல். அதை அவள் அம்மாவுக்குக் கொடுக்கக்கூடாது என்று தடுத்து வைத்திருந்தது நான்தான். நான்கு வருடம், வெயிலிலும் மழையிலும் அந்தக் கேட்டருகில்.

அவள் குனிந்து சிமெந்துக் கட்டின் மேல் கிடந்த சருகுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள், காம்பு கிள்ளுகிற அதே பொறுமையோடு. எல்லாம் எடுத்து முடித்த பிறகு நிமிர்ந்து என் சட்டையைத் தொட்டாள்.

"அப்பா?"

"அப்பாவும் ஒருநாள் பாப்பா. இங்கதான்."

தலையாட்டினாள். நூறு வருஷம் என்று அவள் சொல்லவில்லை. பிறகு மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா வருமா?"

பிரதேச செயலகப் படிவத்தின் கடைசிக் கோடு அதுதான். இரண்டே சொல்லில் கேட்டுவிட்டாள். மகன் என்னைப் பார்த்தான். நான் வேண்டுமென்றே செடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் உடனே பதில் சொல்லவில்லை. உடனே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"வருவேன் பாப்பா" என்றான். கொஞ்சம் பொறுத்து, "எப்படின்னு இன்னும் தெரியல. வருவேன்."

வீட்டுக்கு வந்து கலண்டருக்குப் பின்னாலிருந்த படிவத்தை எடுத்தான். அந்தக் கோட்டில் தன் பெயரைப் பென்சிலால் எழுதினான். "பேனையால எழுத முன்னுக்கு வீட்டில அவகிட்ட பேசணும்ப்பா. பேசாம எழுதினா அதுவும் பொய்தான்" என்றான். பென்சில் எழுத்தை நான் குறை சொல்லவில்லை. அதை அழிக்கவும் முடியும் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அதைப் பற்றி இனி நாங்கள் பேசலாம், அது போதும். அன்று மாலையே அவன் கொழும்புக்குப் போனான். கொப்பியையும் கொண்டுபோனான். தன் மனைவிக்கு வாசித்துக் காட்ட வேண்டுமாம்.

கொடுப்பதற்கு முன், பஸ்ஸைப் பற்றிய அந்த வரியைப் பேனையால் வெட்டிவிட்டேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்படியே விட்டேன்.

மூன்று நாள் பாப்பா வழக்கம்போல மாலையில் கேட்டருகே போய் உட்கார்ந்தாள். பஸ் நிற்கும், யாராவது இறங்குவார்கள், "அம்மா செத்துப்போச்சு" என்று அவர்களிடம் சொல்லுவாள். சிலர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். நான்காம் நாள் அவள் எழுந்து போகவில்லை. உள்ளே தரையில் உட்கார்ந்து கராம்புச் சுளகை மடியில் வைத்துக்கொண்டாள். ஆறு மணி ஆகிறது பாப்பா என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நாவுல பஸ் வருகிற சத்தம் கேட்டது. நான் மட்டும் போய்க் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் நின்றது. யார் இறங்குகிறார்கள் என்று பார்த்தேன்.